துப்பாக்கியும் சாட்சிக் கூண்டும்

போலீஸாரிடம் நம் ஜனங்கள் கொண்டிருக்கும் மனோபாவம் விசித்திரமானது. ஒரே நாளில் அது மூன்று விதமாக மாறக்கூடியது. காலையில் பத்திரிகையைப் பிரித்து, எங்கோ ஒரு கொள்ளைக்காரனைச் சுட்டுக் கொன்றார்கள் என்று படித்ததும், "சபாஷ்!" என்கிறோம். ஒன்பதரை மணிக்கு ஸ்கூட்டரில் ஆபீசுக்குப் புறப்பட்டு, நாற்சந்தியில் காக்கிச் சட்டையைக் கண்டதும், சட்டென்று பக்கத்துச் சந்தில் திரும்பி விடுகிறோம். ஏனென்றால் தலைக்கவசம் வீட்டு ஆணியில் தொங்குகிறது. சாயங்காலம் கைப்பேசி தொலைந்து போய், பிராது கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷன் படியேற வேண்டும் என்று வந்துவிட்டால், "அங்கே நமக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா?" என்று தெருவெல்லாம் விசாரிக்கிறோம். காலையில் வீரராக இருந்தவர், ஒன்பதரை மணிக்கு வேண்டாதவராகி, மாலையில் பயங்கரமானவராகி விடுகிறார். மூன்று பேரும் ஒரே போலீஸ்காரர்தான். இடையில் மாறியது அவரல்ல. நாம் நின்ற இடம்.

இவற்றுள் அந்தக் காலை நேரத்து "சபாஷ்" என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

சென்னைக்குத் தெற்கே உள்ள புறநகர்களில் குடியிருப்போருக்குத் திருட்டுப் பயம் உண்டு. அது நியாயமான பயம்தான். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது, இரு பக்கமும் ஏரியும் வயலும் தோப்புமாக இருந்த பிரதேசம் இது. ரயிலின் பின்னாலேயே வீடுகளும் வந்தன. பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. 2022 ஜனவரி 1-ஆம் தேதி முதல் அதற்கென்று தனியாக ஒரு போலீஸ் கமிஷனரும் வந்துவிட்டார். ஆனாலும் புது நகர்களில் அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாது. எதிர் மனையில் முள் மண்டிக் கிடக்கும். பிள்ளை அயல்நாட்டில் இருப்பான். வயதான தம்பதிகள் இருவர் மட்டும் மூன்று பூட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். இப்படிப்பட்டவர்கள், திருடனைச் சுட்டார்கள் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டால், அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல நமக்கு மனம் வராது. அந்தச் சந்தோஷம் அவர்களுக்கு நன்மை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் சாலையில் போகிறவர்களில், சற்று வயதானவர்களுக்கு 2012-ஆம் வருஷம் ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் ஜனவரியில் பெருங்குடியில் ஒரு வங்கியும், பிப்ரவரி 20-ஆம் தேதி கீழ்க்கட்டளையில் மற்றொரு வங்கியும் பட்டப்பகலில் துப்பாக்கி முனையில் கொள்ளையடிக்கப்பட்டன. ஊரே கதிகலங்கிப் போயிற்று. மூன்றாம் நாள், அதாவது பிப்ரவரி 23-ஆம் தேதி பொழுது விடிவதற்கு முன்னால், வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டைப் போலீஸார் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே இருந்தவர்கள் ஐந்து பேர், வடநாட்டைச் சேர்ந்தவர்கள். உள்ளிருந்து தங்களை நோக்கிச் சுட்டார்கள், அதனால் தாங்களும் திருப்பிச் சுட்டோம் என்று போலீஸார் சொன்னார்கள். இரண்டு இன்ஸ்பெக்டர்களுக்குக் காயம். ஐந்து பேரும் மாண்டார்கள்.

மறுநாள் ஊரெங்கும் பாராட்டு. கூடவே சில கேள்விகளும் எழுந்தன. நியாயஸ்தலத்துக்கும் விவகாரம் போயிற்று. வீட்டுக்காரர்கள் தங்கள் குடித்தனக்காரர்களைப் பற்றிய விவரங்களைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வடக்கேயிருந்து வந்த ஏழைகள் சில காலம் எல்லோருடைய சந்தேகக் கண்ணுக்கும் ஆளானார்கள்.

அந்த ஐந்து பேரும் உத்தமர்கள் என்று நாம் வாதாட வரவில்லை. அந்த இரவு நடந்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவும் நமக்கு அதிகாரமில்லை. ஆனால் ஒரு விஷயம் நிச்சயம். ஐந்து பேரும் இறந்தபடியால், அவர்கள்மீது வழக்கு நடக்கவில்லை. யார் எந்த வங்கியில் நின்றான், யார் வெளியே காவல் இருந்தான், துப்பாக்கி எங்கிருந்து வந்தது, பின்னால் இருந்து தூண்டியவர்கள் உண்டா என்பவற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, குறுக்கு விசாரணை செய்து, ஒரு நீதிபதி எழுதி வைக்கும் சந்தர்ப்பம் இல்லாமலே போயிற்று. செத்தவன் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. யாரையும் காட்டிக் கொடுப்பதுமில்லை. நாம் "சபாஷ்" போட்டது ஒரு கதையின் முடிவுக்கு என்று நினைத்தோம். உண்மையில் அந்தக் கதையின் நடுவிலிருந்து பல பக்கங்கள் கிழிந்துவிட்டன.

பதின்மூன்று வருஷங்கள் கழித்து, 2025 மார்ச் 25-ஆம் தேதி காலையில், சைதாப்பேட்டையிலிருந்து வேளச்சேரி வரை தென்சென்னையில் ஆறு இடங்களில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் பெண்களின் கழுத்திலிருந்து சங்கிலி பறிக்கப்பட்டது. போலீஸார் அன்று செய்த வேலை மிகவும் மெச்சத் தகுந்தது. தெருக்களில் இருந்த காமிராப் படங்களைப் பார்த்து, பறித்தவர்கள் போன வழியைக் கண்டுபிடித்து, அன்றைக்கே இருவரை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பிடித்து விட்டார்கள். மூன்றாவது ஆள் ஆந்திரத்தில் ரயிலில் அகப்பட்டான். இவ்வளவும் ஒரே நாளில்! மறுநாள் அதிகாலையில், பிடிபட்டவர்களில் ஒருவனைத் தரமணிப் பக்கம் அழைத்துச் சென்றபோது, அவன் ஒளித்து வைத்திருந்த துப்பாக்கியால் சுட்டான் என்றும், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டதில் அவன் இறந்தான் என்றும் போலீஸார் தெரிவித்தார்கள்.

அதன் பிறகு நாலு பேர் கூடிய இடத்தில் பேசப்பட்டது எது என்று நினைக்கிறீர்கள்? காமிராப் படங்களை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்தப் போலீஸ்காரரைப் பற்றியா? விமானம் கிளம்புவதற்குள் விமான நிலையத்துக்கு ஓடியவரைப் பற்றியா? இல்லை. தரமணியில் வெடித்த துப்பாக்கியைப் பற்றித்தான். அறிவினால் செய்த காரியத்தை விட்டுவிட்டு, ஆயுதத்தினால் நடந்த காரியத்துக்குக் கைதட்டினோம். எதற்குக் கைதட்டுகிறோமோ அதுதான் ஊரில் வளரும். சங்கீதக் கச்சேரிக்கு உள்ள விதி போலீஸ் இலாகாவுக்கும் பொருந்தும்.

இந்தக் கைதட்டலின் உட்பொருள் என்ன என்று நாம் பல நாள் ஆராய்ந்ததுண்டு. தாம்பரம் ரயிலில் நம்மோடு பிரயாணம் செய்யும் நண்பர் ஒருவர் அதைத் தம்மையறியாமல் விளக்கினார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மரியாதை தெரிந்தவர். தம் வீட்டுக்கு எதிரிலேயே ஓர் அம்மாளின் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போனதை அவர் வர்ணித்தார்.

"வண்டியின் நம்பரில் கடைசி இரண்டு எண்கூட என் கண்ணில் பட்டது, ஸார்!" என்றார்.

"போலீஸாரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டோம்.

"நன்றாயிருக்கிறதே! விசாரிக்க வந்தார்கள். செடிக்குத் தண்ணீர் விட்டுக் கொண்டிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு கோர்ட்டுக்கு யார் அலைகிறது? அந்தப் பயல்கள் ஜாமீனில் வந்து என் வீட்டு வாசலில் நின்றால் என்ன செய்வது? நமக்கேன் வம்பு?"

குரோம்பேட்டை தாண்டுவதற்குள் அவரே மறுபடியும் ஆரம்பித்தார். "இவன்களையெல்லாம் கோர்ட்டுக்குக் கொண்டு போனால் நிரூபிக்கவே முடிவதில்லை, ஸார். பேசாமல் சுட்டுத் தள்ளிவிட வேண்டும்!"

நண்பரை நாம் பரிகாசம் செய்வதாக வாசகர்கள் நினைக்கக் கூடாது. அவருடைய பயம் கற்பனையல்ல. ஆனால் அவர் பேசிய இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோர்ட்டில் நிரூபிக்க முடியாமல் போவதற்கு ஒரு காரணம், பார்த்தவர்கள் பார்க்கவில்லை என்று சொல்வது. பார்த்தவர்கள் சொல்லாதபடியால் குற்றவாளி விடுதலையாகிறான். அவன் விடுதலையாவதால் சட்டத்தில் நம்பிக்கை போகிறது. நம்பிக்கை போனதால் துப்பாக்கியைக் கூப்பிடுகிறோம். சாட்சிக் கூண்டை நாம் காலியாக விட்டோம். அந்தக் காலி இடத்தில் துப்பாக்கி வந்து நிற்கிறது.

"கோர்ட்டுகள் வருஷக்கணக்கில் இழுத்தடிக்கின்றனவே, அதற்கு என்ன சொல்கிறீர்?" என்று சிலர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வழக்குகள் தேங்குவதும், வாய்தா வாங்குவதே ஒரு வித்தையாகிவிட்டதும் வெட்கப்பட வேண்டிய விஷயங்கள். அதற்கு அதிக நீதிபதிகள் வேண்டும் என்றும், புலன்விசாரணைக்கென்று தனிப் போலீஸார் வேண்டும் என்றும் கூச்சல் போடுவோம். 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு பிரகாஷ் சிங் வழக்கில் இட்ட கட்டளைகளில், புலன்விசாரணையையும் சட்டம் ஒழுங்கு வேலையையும் பிரிக்க வேண்டும் என்பதும் ஒன்று. அதைப் பற்றி எந்தத் திண்ணையிலாவது யாராவது பேசக் கேட்டதுண்டா? வைத்தியசாலையில் கூட்டம் அதிகம் என்பதற்காக யாரும் வைத்தியத்தையே வேண்டாம் என்று சொல்வதில்லை. நியாயஸ்தலத்தில் கூட்டம் அதிகம் என்றால் மட்டும் நியாயமே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம்.

சட்டம் போலீஸாரின் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது என்று எண்ணுவதும் தவறு. கைது செய்யப் போகும்போது ஒருவன் எதிர்த்தால், அவனை அடக்கத் தேவையான பலத்தை உபயோகிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து நேர்ந்தால், போலீஸ்காரரும் மற்றவர்களைப் போலவே தற்காத்துக் கொள்ளலாம். ஆனால் ஓர் உயிர் போய்விட்டால், உண்மையிலேயே தற்காப்புத்தானா என்று சம்பந்தமில்லாத ஒருவர் விசாரிக்க வேண்டும். 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு இதற்குப் பதினாறு விதிகளை வகுத்தது. வழக்குப் பதிய வேண்டும். வேறு ஸ்டேஷனைச் சேர்ந்தவர்களோ சி.ஐ.டி. பிரிவினரோ விசாரிக்க வேண்டும்; மாஜிஸ்திரேட்டு விசாரணை வேண்டும்; சம்பவம் நடந்த கையோடு வீரப் பதக்கமும் பதவி உயர்வும் கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி நமக்கும் பொருந்தும் என்று நினைக்கிறோம். சர்க்கார் பதக்கம் கொடுப்பதற்கே பொறுத்திருக்க வேண்டும் என்றால், நாம் "சபாஷ்" கொடுப்பதற்கு மட்டும் என்ன அவசரம்?

அவசரப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு ஹைதராபாத் உதாரணம். 2019 டிசம்பரில் ஓர் இளம் பெண் வைத்தியரைக் கொடூரமாகக் கொன்றதாகப் பிடிக்கப்பட்ட நால்வர், போலீஸ் காவலில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜனங்கள் போலீஸார்மீது பூமாரி பொழிந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2022-ல் வெளிவந்தது. கொல்லும் எண்ணத்துடனேயே சுட்டார்கள் என்றும், அந்த நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் அது அபிப்பிராயம் சொல்லிற்று. அப்போது தூவிய பூக்களைத் திருப்பி எடுக்க முடியுமா?

நம்முடைய பாட்டன்மார்களுக்கு இந்த விஷயத்தில் நம்மைவிட அனுபவம் அதிகம். கம்பெனி ஆட்சியில் சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி விசாரித்த கமிஷன் 1855-ல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் நெஞ்சு பதறும். விரல்களை நசுக்கும் "கிட்டி," தலையைக் காலோடு வளைத்துக் கட்டும் "அண்ணாந்தாள்" என்ற நம் பாஷைச் சொற்களே அதில் ஏறியிருக்கின்றன. அந்தக் கிட்டியில் அகப்பட்டவர்கள் கள்வர்கள் மட்டுமல்ல. நிலவரி கட்ட முடியாத குடியானவர்களுக்கும் அதே கிட்டிதான். போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்ற விதி அந்தக் காலத்து அனுபவத்தில் பிறந்தது. 1861-ல் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் புகுந்து, 1872-ன் சாட்சியச் சட்டத்தில் நிலைத்து, 2023-ல் செய்த புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. கள்வனுக்குச் சலுகை என்று நாம் முணுமுணுக்கும் விதி, குடியானவனின் விரலைக் காக்க எழுதப்பட்டது.

பின்னர் 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடி பிடித்து நடந்த குமரன் போலீஸாரின் தடியடியில் வீழ்ந்தார். அன்றைய சட்டத்தின்படி அவரும் ஒரு குற்றவாளிதான்! தடி எந்த மண்டையில் விழ வேண்டும் என்பதைத் தடி தீர்மானிப்பதில்லை. அதைப் பிடித்தவன்கூடப் பல சமயம் தீர்மானிப்பதில்லை. விசாரிக்காமல் அடிப்பது ஒருமுறை வழக்கமாகிவிட்டால், அடுத்தபடி அது யாரைத் தேடிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னும் பழைய சாட்சி வேண்டுமானால் மதுரைக்குப் போகலாம். சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட இடத்தை எல்லோரும் அறிவோம். ஆனால் அதற்குச் சற்று முன்னால் காவலர்களுக்குள் நடக்கும் பேச்சை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று அவர்களில் சிலருக்குச் சந்தேகம் உண்டாகிறது. உடனே பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை அடுக்குகிறான். ஓர் இளைஞன், முன்பு ஒரு கள்வன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்லிப் பயமுறுத்துகிறான். இந்தச் சமயத்தில் கல்வியறிவில்லாத ஒரு குடியன் வாளை வீசிவிடுகிறான். சந்தேகம் இருந்தது, பயம் அதை விழுங்கிற்று, மிச்சத்தை வாள் முடித்தது. சிலம்பைக் கையில் வாங்கி ஒரு நாழிகை விசாரித்திருந்தால் மதுரை எரிந்திராது. பாண்டியன், குற்றம் தன்னுடையது என்று அறிந்த கணமே உயிர் விட்டான். அவனிடத்தில் அந்த நேர்மையாவது இருந்தது.

நமது காலத்தில் 2020 ஜூன் 19-ஆம் தேதி சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனாரும் மகனும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். கைப்பேசிக் கடை வைத்திருந்தவர்கள். ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது அவர்கள்மீது சொல்லப்பட்ட குற்றம். நாலைந்து நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். அவர்கள் கொள்ளைக்காரர்களா? நம்மைப் போல் கடை வைத்து, குடும்பம் நடத்தி, வரி கட்டி வந்தவர்கள். அன்று வரையில் எங்கேயோ, யாரையோ, எதற்கோ அடிக்கிறார்கள் என்று எண்ணியிருந்த நடுத்தரக் குடும்பங்கள் அன்று திடுக்கிட்டு எழுந்தன.

அந்த இருட்டிலும் ஒரு விளக்கு எரிந்தது. மாஜிஸ்திரேட்டு விசாரிக்க வந்தபோது, அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், இரவெல்லாம் அடித்ததைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். வெளியே சக போலீஸார் நின்றார்கள். அவருக்கும் குடும்பம் உண்டு, உத்தியோகம் உண்டு, நம் ரயில் நண்பருக்கு இருந்த பயத்தைவிடப் பன்மடங்கு பயம் உண்டு. கையெழுத்திடத் தயங்கினார், பிறகு இட்டார். "நமக்கேன் வம்பு?" என்று அவரும் செடிக்குத் தண்ணீர் விட்டுக் கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போலீஸ் இலாகாவின் கௌரவத்தை அன்று காப்பாற்றியது ஒரு துப்பாக்கியல்ல, ஒரு கையெழுத்து.

வாசகர்களில் எல்லோரும் அவ்வளவு பெரிய தைரியம் காட்ட வேண்டியதில்லை. சட்டமும் நமக்குச் சில வசதிகள் செய்திருக்கிறது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள நடைமுறைச் சட்டத்தின்படி, பெண்களையும், அறுபது வயதைக் கடந்தவர்களையும், நோயாளிகளையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி வற்புறுத்தக் கூடாது. போலீஸார்தான் அவர்கள் வீடு தேடி வர வேண்டும். குற்றம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்று பார்க்காமல் எங்கேயும் பிராது கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் பிரதியைக் காசில்லாமல் கேட்டு வாங்கலாம். பயமுறுத்தப்படும் சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் தரும் திட்டத்தை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. இவையெல்லாம் காகிதத்தில் மட்டும் இருக்கின்றன என்று சொல்வீர்களானால், அவற்றைக் காகிதத்திலிருந்து இறக்கக் கூடியவர்கள் கேட்டு வாங்குகிறவர்கள்தான்.

போலீஸார் நம் எதிரிகள் அல்லர். வெயிலிலும் மழையிலும் ஜி.எஸ்.டி. சாலையில் நின்று, பண்டிகை நாளில் நாம் ஊருக்குப் போக வழி செய்துவிட்டு, தாங்கள் ஊருக்குப் போகாமல் இருப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய உபகாரம், கொலைக்குக் கைதட்டுவதல்ல. பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லி, அவர்கள் சிரமப்பட்டுப் பிடித்த வழக்கைக் கோர்ட்டில் நிற்க வைப்பதுதான். அடுத்த முறை பத்திரிகையில் அப்படியொரு செய்தியைப் படிக்கும்போது, "சபாஷ்" என்ற வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்தால், அதை ஒரு நிமிஷம் அங்கேயே நிறுத்தி வையுங்கள். விசாரணை முடியட்டும். நம் தெருவில் நடந்த குற்றத்துக்கு நாம் சாட்சி சொல்லியாயிற்றா என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். பிறகு "சபாஷ்" போடுவதற்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது.